ஆடித் தண்ணீரும் அரைக் கரண்டி உப்பும்

ஆடிப்பெருக்கு அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் இறங்கியிருக்கிறீர்களா? அன்றைக்குக் காவிரி பால் கம்மியாக விட்ட டீ மாதிரி இருக்கும். முழங்கால் ஆழத்தில் நின்றால் நம் பாதம் நமக்கே தெரியாது. எங்கள் பாட்டி காலத்தில் அந்தத் தண்ணீரைத்தான் குடத்தில் மொண்டு வருவார்கள். குடத்தின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை நாலு சுற்று உரசி, மூடி வைத்துவிடுவார்கள். காலையில் மேலே கண்ணாடி போல் தண்ணீர் நிற்கும். அடியில் இரண்டு விரல் கனத்துக்குச் சேறு. தண்ணீர் அடுக்களைக்குப் போகும், சேறு கொல்லை வாழைக்குப் போகும். அந்தச் சேற்றை யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்த்ததில்லை.

இன்றைக்கு நாம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இந்த ஆடியில் எதிர்வீட்டு ஏழாம் வகுப்புப் பெண் ஒரு பாட்டில் நிறையக் கலங்கல் தண்ணீரோடு வந்து நின்றாள். "மாமா, உப்பு போட்டாலும் கலங்கல் தெளியுமாமே, நிஜமா?" என்றாள். எனக்கு விடை தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. "ரெண்டு டம்ளர் எடுத்துண்டு வா" என்றேன்.

நீங்களும் செய்யலாம். இரண்டு கண்ணாடி டம்ளரில் கலங்கல் தண்ணீர் ஊற்றுங்கள். ஆறு பக்கத்தில் இல்லையென்றால் வயல் களிமண்ணைக் கரைத்துக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் அரைக் கரண்டி கல் உப்பு போட்டு நன்றாகக் கலக்குங்கள். மற்றதையும் அதே அளவு கலக்கிவிட்டு, இரண்டையும் ஜன்னல் விளிம்பில் வையுங்கள். மணல் உடனே கீழே போய்விடும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதற்கப்புறம்தான் வேடிக்கை. உப்பு போட்ட டம்ளரில் பொடிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சு பஞ்சாகத் திரண்டு இறங்கும். உப்பில்லாத டம்ளர் மறுநாளும் கலங்கியே நிற்கும்.

காரணம் இதுதான். களிமண் துகள்களின் மேல் எதிர் மின்னூட்டம் இருக்கிறது. எல்லாத் துகளிலும் ஒரே வகை மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. ஒட்டாததால் கனம் சேர்வதில்லை, கனம் இல்லாததால் இறங்குவதில்லை. உப்பு கரைந்ததும் சோடியம் போன்ற நேர் அயனிகள் துகள்களைச் சுற்றிச் சூழ்ந்து, அந்தத் தள்ளுமுள்ளை அடக்கிவிடுகின்றன. பிறகு துகள்கள் மோதினால் ஒட்டிக்கொள்ளும். படிகாரமும் தேத்தாங்கொட்டையும் வேறு வழிகளில் இதே வேலையைத்தான் செய்கின்றன.

அரைக் கரண்டி உப்புக்கே இப்படி என்றால், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு வைத்திருக்கும் கடல் என்ன செய்யும்?

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் நம் ஸ்ரீரங்கம். வெள்ளம் வந்தால் மிகுதியெல்லாம் கொள்ளிடத்தில் பாய்ந்து, பழையாறு பக்கம் கடலில் சேர்கிறது. திருச்சியில் கொள்ளிடத்தில் இறங்கினால் காலில் படுவது நறநற மணல். கனமான மணல் வழியிலேயே தங்க, மாவு போன்ற வண்டல் மட்டும் நெடுந்தூரம் மிதந்து போகிறது. ஆறு உப்புநீரைத் தொடும் முகத்துவாரத்தில், நம் டம்ளரில் நடந்தது பெரிய அளவில் நடக்கிறது. பொடிகள் திரண்டு படிகின்றன. கடலோரச் சேறு இப்படித்தான் பிறக்கிறது. ஆறு வழிநெடுகத் தொட்டதெல்லாம் அதில் கொஞ்சம் இருக்கும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள வெல்லக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் கட்டிகளாக வெட்டினால் 1,000 துண்டு கிடைக்கும், மேற்பரப்பு 60 ஆகிவிடும். வெல்லம் அதேதான், மேற்பரப்பு மட்டும் பத்து மடங்கு. பொடிக்கப் பொடிக்கப் பரப்பு கூடிக்கொண்டே போகும். ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள மணல் ஒரு கிராம் எடுத்தால் அதன் மொத்த மேற்பரப்பு ஒரு தீப்பெட்டியின் முகப்பைவிடச் சற்றுத்தான் பெரிது. சில வகைக் களிமண்ணில், அடுக்குகளுக்கு உள்ளே இருக்கும் பரப்பையும் சேர்த்தால், ஒரு கிராமுக்கு 700 சதுர மீட்டர் வரை வரும். ஐந்து கபடி ஆடுகளம்! அத்தனை இடத்திலும் எதிர் மின்னூட்டம். ஈயம், காட்மியம், தாமிரம் போன்ற உலோக அயனிகளுக்கு நேர் மின்னூட்டம். ஒட்டாமல் இருக்குமா? எண்ணெய்க் கழிவும் பல பூச்சிமருந்துகளும் தண்ணீரில் கரைய மறுப்பவை. அவையும் சேற்றிலுள்ள மக்கிய இலைதழைப் பொருளில் போய் ஒட்டிக்கொள்கின்றன.

நம்ப முடியவில்லையா? மீன் தொட்டி விற்கும் கடையில் மெத்திலீன் நீலம் என்ற மருந்து கிடைக்கும். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சட்டையில் பட்டால் போகாது. ஒரு பாட்டிலில் கொள்ளிட மணல், இன்னொன்றில் வயல் களிமண். இரண்டிலும் தண்ணீர் ஊற்றி, சில சொட்டு நீலம் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் பாட்டிலில் நீலம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். களிமண் பாட்டிலில் சேறு இறங்கியதும் மேலே உள்ள தண்ணீர் வெளுத்திருக்கும், நீலமெல்லாம் சேற்றுக்குள். கட்டடம் கட்ட வரும் எம்-சாண்டில் எவ்வளவு களி கலந்திருக்கிறது என்று பார்க்கப் பொறியாளர்கள் நடத்துவதும் இந்தச் சோதனைதான்.

இப்போது அந்த வெளுத்த தண்ணீரை மட்டும் ஒருவரிடம் காட்டி, "இதில் நீலம் இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்பார். ஆற்றுநீரைப் பரிசோதித்து "சுத்தம்" என்று சான்றிதழ் கொடுத்தாலும் அடியில் கைவிட்டுப் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான். தண்ணீர் நேற்று வந்தது நாளைக்குப் போய்விடும். சேறு அங்கேயே கிடக்கும். சேற்றைத் தின்னும் புழு, புழுவைத் தின்னும் இறால், இறாலைத் தின்னும் மீன் என்று சங்கிலி மேலே ஏறி நம் தட்டு வரைக்கும் வரும்.

நம் ஊரிலிருந்து தஞ்சாவூர், மயிலாடுதுறை, சிதம்பரம் வழியாக ரயிலில் போனால் கடலூர். அங்கே உப்பனாற்றின் கரையில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. சாயம், மருந்து, பூச்சிக்கொல்லி என்று பல ரசாயன ஆலைகள். வழியில் இருக்கும் பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம். இரண்டும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது ஆராய்ச்சியாளர்கள் சும்மா இருப்பார்களா? உப்பனாற்றுச் சேற்றைத் திரும்பத் திரும்ப எடுத்து உலோகங்களை அளந்திருக்கிறார்கள். சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகமும் இப்படித்தான். மணலித் தொழிற்சாலைகள் ஒரு பக்கம், அனல்மின் நிலையங்களின் சாம்பல் ஒரு பக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகு, வலை, அலையாத்தி மரங்கள் எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. மீனவர்கள் வாளியால் அள்ளியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். மேலே மிதந்ததை அள்ளலாம். சேற்றில் ஒட்டிக் கீழே போனதை எந்த வாளியால் அள்ளுவது?

சரி, சேற்றை எப்படி எடுக்கிறார்கள்? கேட்க எளிது, செய்யும்போது ஆயிரம் தொல்லை. உலோகத்தைத் தேடினால் இரும்புக் கரண்டி கூடாது. எண்ணெய்வகை நச்சைத் தேடினால் பிளாஸ்டிக் டப்பா கூடாது, கண்ணாடிப் புட்டிதான். எடுத்ததும் ஐஸ் பெட்டிக்குள் போக வேண்டும், வெயிலில் வைத்தால் கிருமிகள் வேலையைக் காட்டிவிடும். பிறகு உலர்த்தி, 63 மைக்ரான் கண்ணுள்ள சல்லடையில் சலிப்பார்கள். உங்கள் தலைமுடியின் பருமன்தான் கிட்டத்தட்ட அந்தக் கண். அதில் இறங்குவதுதான் நஞ்சு ஒட்டும் மாவு. பழைய கதை வேண்டுமென்றால் ஒரு குழாயை நேராகச் சேற்றில் இறக்கி உருவுவார்கள். மேலே இந்த வருடத்துப் படிவு, கீழே போகப் போக அப்பா காலம், தாத்தா காலம். 1950களிலும் 60களிலும் வானில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் உலகமெங்கும் சீசியம்-137 தூவப்பட்டது. அதன் உச்சம் 1963. குழாய்ச் சேற்றில் சீசியம் எங்கே மிக அதிகமோ, அந்த அடுக்கு 1963 என்று குறித்துக்கொள்வார்கள்.

உலோகத்தை அளப்பது மத்தாப்பு வேலை. தீபாவளியில் பேரியம் பச்சையாக எரியும், ஸ்ட்ரான்சியம் சிவப்பாக எரியும் இல்லையா? ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி ஒளி. சேற்றை அமிலத்தில் கரைத்து, சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான ஆர்கான் வாயுப் பிழம்புக்குள் தெளித்து, வரும் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் இது தாமிரம், இது ஈயம் என்று எண்ணிக்கையோடு தெரிந்துவிடும்.

இங்கே எதிர்வீட்டுப் பெண் குறுக்கிட்டாள். "ஆனா மாமா, மண்ணுலேயே உலோகம் இருக்குமே! அதை எப்படித் தொழிற்சாலை தலையில் கட்டறது?"

எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்திருந்தது. நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி என்று ஓர் ஊர். அங்கேயுள்ள அனார்த்தசைட் பாறை நிலாப் பாறையை ஒத்திருப்பதால், சந்திரயான்-2 சோதனைகளுக்கு நிலா மண் செய்ய இஸ்ரோ அதைத்தான் வாங்கிப் பொடித்தது. அதே சித்தம்பூண்டியில் குரோமியம் நிறைந்த பாறையும் இருக்கிறது. மழையில் கரையும் பாறை காவிரிக்கு வரும். தோல் பதனிடும் ஆலைக் கழிவிலும் குரோமியம்தான். சேற்றில் குரோமியம் கண்டதும் ஆலையைக் கைகாட்டினால், நிலாப் பாறைக்காரர் செய்ததற்கும் ஆலைக்காரர் அபராதம் கட்ட வேண்டி வரும்! அதனால் அலுமினியத்தையும் சேர்த்து அளப்பார்கள். களிமண்ணின் கட்டமைப்பிலேயே அலுமினியம் ஏராளம், மனிதர்கள் கொட்டுவது அதற்குமுன் கொசுறு. ஆலை வருவதற்கு முந்தைய ஆழ அடுக்கில் குரோமியத்துக்கும் அலுமினியத்துக்கும் என்ன விகிதம், மேல் அடுக்கில் என்ன விகிதம் என்று ஒப்பிடுவார்கள். விகிதம் மாறாவிட்டால் பாறை. மேலே ஏறியிருந்தால் ஆட்கள்.

இதெல்லாம் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருந்தால். தெரியாவிட்டால்?

ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊர். 1950களில் அங்கே பூனைகள் வெறிபிடித்தாற்போல் ஆடிச் செத்தன. பிறகு மனிதர்களுக்கு வந்தது. நடக்க முடியவில்லை, பேச்சுக் குழறியது. 1956 மே 1-ஆம் தேதி அங்கிருந்த சிஸ்ஸோ ரசாயன ஆலையின் மருத்துவமனை இதை அரசுக்குத் தெரிவித்தது. முதலில் தொற்றுநோய் என்று நினைத்தார்கள். பிறகு மீன்தான் காரணம் என்று தெரிந்தது. ஆனால் மீனுக்குள் என்ன? அந்த ஆலையின் கழிவில் பல பொருள்கள் இருந்தன. மாங்கனீசு என்றார்கள், செலினியம் என்றார்கள், தாலியம் என்றார்கள். மூன்று வருடம் ஓடிப்போயிற்று. 1959 ஜூலையில்தான் குமமோட்டோ பல்கலைக்கழக மருத்துவர்கள் கரிமப் பாதரசம் என்று அறிவித்தார்கள். கழிவுக் கால்வாய் வாயில் சேற்றைத் தோண்டினால் ஒரு டன்னுக்கு 2 கிலோ பாதரசம்! சுரங்கம் வைத்தே எடுக்கலாம் போல. தூரம் போகப் போக அளவு குறைந்தது. அம்புக்குறி போட்டு ஆலையைக் காட்டியதைப் போல.

அதே சமயம் ஆலை மருத்துவமனையின் தலைவர் ஹோசோகவா தனியாக ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். ஆலையில் அசிட்டால்டிஹைடு தயாரிக்கும் பகுதியிலிருந்து வரும் கழிவை மட்டும் உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்தார். அவருடைய குறிப்பேட்டில் அதற்கு எண் 400. சில மாதங்களில் அந்தப் பூனைக்கு அதே வலிப்பு. நிர்வாகம் சோதனையை நிறுத்தச் சொன்னது, முடிவை மறைத்தது. 1968 வரை கழிவு கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. 1970-இல் ஹோசோகவா புற்றுநோயோடு மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடி நீதிமன்றத்துக்குச் சாட்சி சொன்னார். பாவம் பூனை என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அவர் பிடித்த வழியைக் கவனியுங்கள். எல்லாக் கழிவையும் ஒன்றாகப் பார்க்காமல், ஒரு குழாயைத் தனியே பிரித்து, ஓர் உயிரிடம் "இதுவா?" என்று கேட்டார்.

இன்றைய விஞ்ஞானிகள் பூனைக்குப் பதில் வேறு ஆட்களை வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் ஒரு விளையாட்டு. எட்டு டம்ளர் தண்ணீர், ஒன்றில் மட்டும் வேப்பிலைச் சாறு. எத்தனை முறை ருசி பார்த்தால் கண்டுபிடிக்கலாம்? எட்டு முறை வேண்டாம். முதல் நான்கிலிருந்து ஒவ்வொரு சொட்டு எடுத்துக் கலந்து நாக்கில் வையுங்கள். கசந்தால் அந்த நான்கில், இல்லையென்றால் மற்ற நான்கில். அதை இரண்டாகப் பிரித்து இன்னொரு முறை, கடைசியாக ஒரு முறை. மூன்றே முறை! 1,024 டம்ளர் இருந்தாலும் பத்து முறை போதும். எதிர்வீட்டுப் பெண் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள்.

சேற்றையும் இப்படித்தான் பிரிக்கிறார்கள். கரைப்பானில் ஊற வைத்து ஒட்டியிருப்பதை உருவி, ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்த பொடி வழியாக ஒழுக விட்டால் வெவ்வேறு குணமுள்ள பொருள்கள் வெவ்வேறு நேரத்தில் சொட்டும். ஒவ்வொரு பங்கையும் ருசி பார்க்க வேண்டும். நாக்குக்குப் பதில் ஒளிரும் பாக்டீரியா. அலிவிப்ரியோ ஃபிஷெரி என்று பெயர், சில சிறு கணவாய்களின் உடலுக்குள் விளக்குப் போல வாழ்வது. நஞ்சு பட்டால் கால் மணி நேரத்தில் அதன் வெளிச்சம் மங்கும். இன்னொரு ஆள் இதற்கு நேர்மாறு. எலியின் கல்லீரல் செல்லுக்குள் மின்மினிப்பூச்சியின் மரபணுவைச் செருகி வைத்திருக்கிறார்கள். டையாக்சின் வகை நஞ்சு வந்தால் செல் அதற்கென ஒளிரும். மின்மினி எரிந்த பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, அதை மறுபடி பிரிப்பார்கள், மறுபடி கேட்பார்கள்.

கடைசியில் மிஞ்சும் சில பொருள்களுக்குப் பெயர் வைக்க ஒரு கருவி. கால் மில்லிமீட்டர் அளவே துளையுள்ள 30 மீட்டர் குழாய், வளையமாகச் சுருட்டி அடுப்பில் வைத்திருப்பார்கள். ராஜகோபுரத்தடியில் ஒரே நேரத்தில் நூறு பேரை உள்ளே அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். சேவிக்க வந்த தாத்தா எங்கும் நிற்காமல் போய்ச் சேர்வார். வளையல் கடை, பொம்மைக் கடை எல்லாவற்றிலும் நிற்கும் உங்கள் தங்கை கடைசியாக வருவாள். குழாயின் உள்பூச்சில் ஒட்ட ஒட்டப் பொருள்களும் அப்படித் தாமதமாகும். ஒவ்வொன்றாக வெளியே வந்ததும் இன்னொரு கருவி அதை உடைத்து, துண்டுகளை எடைபோட்டு, இன்னார் என்று சொல்லும்.

தென்கொரியாவில் மாசான், உல்சான் விரிகுடாக்கள் தொழிற்சாலைகள் சூழ்ந்தவை. அங்குள்ள சேற்றை இப்படிப் பிரித்து மின்மினிச் செல்களிடம் கேட்டார்கள். செல்கள் ஒளிர்ந்தன. தெரிந்த நஞ்சுகளையெல்லாம் அளந்து, அவை எவ்வளவு ஒளி தந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். செல்கள் காட்டிய ஒளி அதைவிட அதிகம்! அதாவது பட்டியலில் இல்லாத யாரோ சிலர் சேற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டியலை வைத்து மட்டும் தேடியிருந்தால் அவர்கள் இருப்பதே தெரிந்திருக்காது.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். பிச்சாவரம் போனால் கறுப்பாய், முட்டை நாற்றத்தோடு சேறு பார்ப்பீர்கள். உடனே விஷம் என்று மூக்கைப் பிடிக்காதீர்கள். காற்றில்லாத இடத்தில் பாக்டீரியாக்கள் செய்யும் இரும்பு சல்ஃபைடுதான் அந்தக் கறுப்பு. சொல்லப்போனால் அந்த சல்ஃபைடு ஈயம், காட்மியம் போன்றவற்றை இறுகப் பிடித்து, புழுக்களுக்குக் கிடைக்காமல் பூட்டி வைக்கும். அசைத்துக் கலக்கிக் காற்றுப் பட்டால் பூட்டு திறந்துவிடும். அதனால் கெட்ட சேற்றைத் தோண்டி எறி என்று சொல்வது எளிதானாலும், செய்வதற்குமுன் நூறு முறை யோசிக்கிறார்கள். மினமாட்டாவில் 1977-இல் தொடங்கி 1990 வரை அந்த வேலை நடந்தது. அள்ளிய சேற்றைக் கரையோரம் அடைத்து, மேலே நல்ல மண் போட்டு மூடினார்கள். 58 ஹெக்டேர் புதிய நிலம், அதன்மேல் இன்று பூங்கா.

எதிர்வீட்டில் ஜன்னல் விளிம்பில் உப்பில்லாத டம்ளர் இன்னும் நிற்கிறது. ஒவ்வொரு நாளும் தெளிவு எதுவரை இறங்கியது என்று ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடுகிறாள். இன்றைக்கு நாலாம் நாள். மேலே ஒரு விரல் கனம்தான் தெளிந்திருக்கிறது. அவள் அம்மா டம்ளரைத் திருப்பிக் கேட்கிறாராம்.